ஆறாவது கிலோமீட்டர்

பத்து மணி நேரம் நின்று
ஊரார் வண்டிக்கெல்லாம் பெட்ரோல் ஊற்றிவிட்டு
கரண்டில் ஓடும் ஒற்றைச் சக்கரத்தில்
நின்றபடியே வீட்டுக்குப் போகிறவன் நான்.
இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று
கேஷ் கவுண்டர் ரெஹானாவைக் கேட்டேன்.
சில்லறையை எண்ணி முடித்துவிட்டு
அப்புறம் சிரித்தாள்.

பெங்களூர்க்காரர் ஒருவர்
விழுந்து மணிக்கட்டு முறிந்த கோபத்தில்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட சக்கரம்.
நாலு தவணை முடிந்தது, இன்னும் மூன்று.
சீட் கிடையாது. ஹேண்டில் கிடையாது.
காலுக்கு இரண்டு தகடு,
நடுவில் ஒரு முனகல்.

சூளகிரி தாண்டி
கொத்தமல்லிக் கட்டு ஏற்றும் லாரிகள் தாண்டி
சர்வீஸ் ரோட்டில் இறங்கினால்
முதல் இரண்டு கிலோமீட்டர்
உடம்பென்று ஒன்று இருப்பதே தெரியாது.
நான்கில் இடது பாதம் கூப்பிடும்.
ஐந்தில் வலதும் சேர்ந்துகொள்ளும்.
ஆறில்
புளியமரத்தடி கல்வெர்ட்டில் உட்கார்ந்து
ஷூவைக் கழற்றி,
யாரோ மறந்துவிட்டுப்போன
இரண்டு செங்கல்லைப் பார்ப்பதுபோல்
என் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தைலம் தேய்த்தேன்.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
ஆயிரத்து இருநூறுக்கு மெத்து வைத்த ஷூ வாங்கினேன்.
அது இன்னும் மோசம்,
சேற்றில் நின்று ஓட்டுவதுபோல் அமுங்கியது.
வெயிட்டைக் குறை என்றான் காற்றடிக்கிற மாதேஷ்.
மூன்று கிலோ போனது.
வலி போகவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம்
ஓஸ் பைப்பில் கால் கழுவிக்கொண்டு
ஆயில் ரூம் சிமெண்ட் தரையில் நடந்தேன்.
ஈரத்தடம்:
குதிகாலுக்கு அரைவட்டம்,
அப்புறம் ஒன்றுமே இல்லை,
அப்புறம் ஐந்து புள்ளி
ஆணி அடித்த மாதிரி.

கணக்கு நோட்டோடு வந்த ரெஹானா
தடத்தை மிதிக்காமல் நின்றாள்.
"இங்க எதைப் பிடிச்சிட்டு நிக்கிற நீ?"

எதையும் இல்லை.
அதுதான்.
பிடிக்க ஒன்றுமில்லாத வண்டியில்
கைகள் சும்மா தொங்க,
அவற்றின் வேலையை விரல்கள் எடுத்துக்கொண்டிருந்தன.
இறங்கிய பிறகும் விடவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மெத்து ஷூவை மாதேஷுக்குக் கொடுத்தேன்.
அடி தட்டையாய், கொஞ்சம் விறைப்பாய்
பள்ளிக்கூடத்து கேன்வாஸ் ஷூ போதும்.
கயிற்றை விரல் பக்கம் தளர்த்தி
கணுக்கால் பக்கம் மட்டும் இறுக்கினேன்.
தகட்டில் சொரசொரப்பான பட்டை ஒட்டினேன்,
பிடிக்கிற வேலையை அது பார்க்கட்டும்.
பாதத்தின் நடு, தகட்டின் நடுவில்;
விரல்நுனி வெளியே எட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.
முழங்காலைப் பூட்டாதே.
இதெல்லாம் சுலபம்.

கஷ்டம், ஓடும்போதே
ஷூவுக்குள் விரல்களை விரிப்பது.
ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் சொல்லிப் பார்த்தேன்:
விடு. சுண்டுவிரலே, உன்னையும்தான்.
லாரி ஒன்று காதுக்குள் ஹார்ன் அடித்தால்
பத்தும் நண்டு மாதிரி சுருண்டுவிடும்.
மறுபடி முதலிலிருந்து.

இப்போது ஆறாவது கிலோமீட்டர் வருவது தெரிவதில்லை.
ஒன்பதில் லேசாய் ஒரு சூடு, அவ்வளவுதான்.
இருந்தாலும் கல்வெர்ட்டில் இறங்குகிறேன்.
வலி வந்து இறக்கிவிடுவதற்கு முன்னால்
நானாக இறங்கி நாலு அடி நடப்பதில்
ஒரு மரியாதை இருக்கிறது.

நேற்று ஷிப்ட் முடியும்போது
கல்லாவில் நானூற்று அறுபது குறைந்தது.
ரெஹானா மூன்றாம் முறையாக எண்ணினாள்,
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன்.
செருப்பு இரண்டும் ஒரு பக்கம் கிடக்க
ஸ்டூலின் குறுக்குக் கம்பியை
அவளுடைய பத்து விரலும்
கவ்விக்கொண்டிருந்தன.

பேனாவைக் கொடுத்தேன்.
சக்கரத்தை ஆன் செய்யாமல்
இன்னொரு முறை எண்ணலாம், நானும் எண்ணுகிறேன் என்றேன்.